பிள்ளைகளின் சித்திரமும் பெரியவர்களின் தர்மமும்

யுத்தத்தினால் வாழ்விழந்த இளைஞர்க்கும் சிறார்க்கும் பொருள் திரட்டும் பொருட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் தீட்டிய சித்திரங்களைக் காட்சிக்கு வைத்து விற்பது முறையாகுமா? இக்கேள்வி அண்மையில் எங்கள் மாத்தளைப் பகுதி ஆசிரியர் சிலர் கூடிப் பேசிய ஓரிடத்தில் எழுந்தது. இலக்கிய நண்பர் ஒருவர், "பிள்ளையின் கலையை அங்காடிக்குக் கொண்டு செல்வதே பாவம், பிறர் துயரைச் சட்டமிட்டு மாட்டி விலை பேசுவது அதனினும் பெரிய பாவம்" என்றார். மற்றொருவர், "பசித்தவனுக்குச் சோறிடும் காசு எவ்வழியில் வந்தால் என்ன?" என்று கேட்டார். இருவருக்கும் நடுவே நான் வாய் திறவாது இருந்தேன். 2010 ஆம் ஆண்டில் யட்டவத்தப் பகுதியில் நானே அத்தகைய கண்காட்சி ஒன்றை நடத்தியவன். அதிலே ஒரு பிழையும் செய்தவன். அன்று சபையிலே சொல்லக் கூசியதை இன்று எழுத்திலே சொல்லத் துணிகிறேன்.

முதற்கண், இம்முயற்சி நேற்று முளைத்ததன்று என்பதை வாசகர் நினைவுகூர வேண்டும். முதலாம் உலக மகாயுத்தம் 1918 இல் ஓய்ந்த பின்னரும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தமையால், ஆஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். 1919 இல் எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாதரசி, உடல் வற்றி எலும்பாய்ப்போன ஆஸ்திரியக் குழந்தைகளின் புகைப்படம் தாங்கிய துண்டுப் பிரசுரங்களை இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் ஐந்து பவுண் தண்டம் விதித்தது. அரசு தரப்பில் வழக்கை நடத்திய வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கையிலிருந்து அளித்தார். அதே ஆண்டில் அவரும் அவர் சகோதரி டொரதி பக்ஸ்டனும் தோற்றுவித்ததே சிறுவர் பாதுகாப்பு நிதியம்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததுதான் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர் 1897 முதல் சிறுவர்க்கென ஒரு சித்திர வகுப்பை நடத்தி வந்தார். பெரியவரின் கண்ணைக் கொண்டு பிள்ளையின் கோட்டைத் திருத்தலாகாது என்பது அவருடைய கொள்கை. நிவாரணப் பணிக்காக வியன்னா சென்றிருந்த பிரான்செஸ்கா வில்சன் என்னும் ஆங்கில ஆசிரியை அவ்வகுப்பைக் கண்டு வியந்தார். அவருடைய முயற்சியால் 1920 இல் அச்சிறுவர்களின் சித்திரங்கள் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டன; பின்னர் பிரித்தானியாவின் பல நகரங்களுக்கும் சென்றன. படஅட்டைகளும் சிறு நூல்களும் விற்கப்பட்டன. அப்பணம் வியன்னாவின் பசித்த குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈராண்டுகளுக்கு முன்புவரை ஆஸ்திரியா ஆங்கிலேயருக்குப் பகைநாடு என்பதை மறந்துவிடலாகாது. போர்க்களத்திலே பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அக்கூடங்களுக்கு வந்திருப்பாள். பகைவன் வீட்டுப் பிள்ளை தீட்டிய வசந்தகாலத்தின் முன்னே நின்றிருப்பாள்.

துண்டுப் பிரசுரத்துப் புகைப்படமும் கண்காட்சிச் சித்திரமும் ஒரே பசிக்காகத்தான் கையேந்தின. ஆயினும் இரண்டுக்கும் இடையே எத்துணை வேறுபாடு! புகைப்படத்திலே குழந்தை நம்மால் பார்க்கப்படுகிறது. சித்திரத்திலே குழந்தை உலகைப் பார்க்கிறது. நாம் அதன் பக்கத்திலே நின்று அது காட்டும் திசையை நோக்குகிறோம். முன்னது நம் இரக்கத்தைக் கேட்கிறது. பின்னது நம் மதிப்பையும் சேர்த்துக் கேட்கிறது. சித்திரம் விற்பது பாவமென்ற நண்பர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தாரா என அறியேன்.

ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1938 இல், அந்நாட்டுச் சிறுவர்கள் வரைந்த அறுபது சித்திரங்கள் அமெரிக்காவில் ஒரு நூலாக வெளியிடப்பட்டன. ஆல்டஸ் ஹக்ஸ்லி முன்னுரை எழுதினார். குவேக்கர் சமயத்தாரின் நிவாரணப் பணிக்குப் பொருள் சேர்ப்பது அந்நூலின் நோக்கம். அதிலே குண்டு வீசும் விமானங்கள் உண்டு. இடிந்த வீடுகள் உண்டு. மூட்டை முடிச்சுடன் ஓடும் மனிதர் உண்டு. அப்பிள்ளைகள் கண்டதை வரைந்தனர். இரண்டாம் யுத்தத்தின் பின்னரோ, செக்கோஸ்லாவாக்கியக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஜிட்கா சம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி, ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் தன் ஊருக்கு அனுப்பிய உணவுக்கு நன்றியாக ஒரு சித்திரம் தீட்டினாள். காகிதம் கிடையாமையால் கண்ணாடித் துண்டொன்றிலே தீட்டினாள். கம்பத்தைச் சுற்றி ஆடிக் களிக்கும் பிள்ளைகளே அதன் பொருள். 1946 இல் தோன்றிய அந்நிதியத்தின் முதல் வாழ்த்து அட்டையாக அது 1949 இல் வெளிவந்தது. அதன் பின்னர் பல்லாண்டுகளாக அத்தகைய அட்டைகள் உலகெங்கும் விற்பனையாகிச் சிறுவர்க்குப் பாலும் மருந்துமாயின. யுத்தத்தைக் கடந்து வந்த அச்சிறுமி ஆட்டத்தை வரைந்தாள். யுத்தத்தின் நடுவே நின்ற ஸ்பானியச் சிறுவன் விமானத்தை வரைந்தான். இருவரும் தத்தமக்கு உண்மையானதையே வரைந்தனர். இச்செய்திகளையெல்லாம் 2010 இல் நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் என் பிழை நேர்ந்திராதோ என்னவோ.

யட்டவத்த யுத்தம் நடந்த பூமியன்று. மாத்தளை நகரிலிருந்து சிறிது தொலைவில், மிளகும் கொக்கோவும் இறப்பரும் நெல்லும் விளையும் மேட்டு நிலம். சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்களும், தோட்டங்களிலே லயங்களும், லயங்களிலே எம்மவரும் உள்ளனர். வடக்கின் யுத்தத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்பார்க்கு மாத்தளை நகரூடே செல்லும் பெருந்தெருவையே சுட்டிக்காட்டுவேன். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பாதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர் காடுகளூடே கால்நடையாகத் தெற்கு நோக்கி நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே மாண்டவர் பலர். 1977 இலும் 1983 இலும் வன்செயல்கள் மூண்டபோது, அவர்தம் பேரப்பிள்ளைகளிற் பலர் வடக்கு நோக்கித் திரும்ப நேர்ந்தது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினர். இறுதி யுத்தம் அக்குடிசைகளின் மீதே வந்து இறங்கியது. 2009 மே மாதத்தில் யாவும் முடிந்தபோது, முகாம்களில் அடைபட்ட இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே மலையகத்து வேர்கொண்ட குடும்பங்களும் இருந்தன.

அத்தகைய குடும்பமொன்று 2010 இன் தொடக்கத்திலே முகாமிலிருந்து விடுபட்டு, நான் படிப்பித்த பாடசாலைக்கு அருகிலிருந்த லயத்திலே உறவினரிடம் வந்து தங்கியது. அக்குடும்பத்திலே பதினேழு வயது இளைஞன் ஒருவன் இருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மாலை வேளைகளில் கவைக்கோலை மடியிலே வைத்துக்கொண்டு, எம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்தபடி மைதானத்து ஓரக் கல்லில் அமர்ந்திருப்பான். அவனைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு எண்ணம் உதித்தது. "ஏதாச்சும் செய்யணும் சேர்" என்று வந்து நின்றார்கள். அவர்களிடம் பணம் இல்லை. கையும் கண்ணும் இருந்தன. சித்திர பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமையால் தமிழாசிரியனாகிய நானே அவ்வேலையையும் பார்த்துவந்தேன். கண்காட்சி நடத்துவதென்று முடிவாயிற்று.

பிள்ளைகள் வரைந்தனர். நகரத்துப் பிரமுகர் ஒருவர் அன்பின் மிகுதியால் முன்கூட்டியே வந்து பார்வையிட்டார். "நல்லாயிருக்கு மாஸ்டர். ஆனால் யுத்தத்துக்கு உதவி என்று சொல்லிவிட்டுப் பூவும் மரமும் காட்டினால் யார் வாங்குவார்கள்? குண்டு, விமானம், அழுகிற தாய் என்று இரண்டு மூன்று இருக்கட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். உலக அனுபவம் பேசியது. நானும் இசைந்தேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மரத்திலே படர்ந்த மிளகுக் கொடியையும், ஏணியிலே ஏறிநின்று மிளகு பறிக்கும் தன் தகப்பனையும் வரைந்திருந்தாள். ஏணியின் கால் சேற்றிலே சிறிது புதைந்திருப்பதைக்கூட அவள் விடவில்லை. அன்று காட்சிக்கு வைத்த படங்களிலே மிகச் சிறந்தது அதுவே. அவளிடம் சென்று, "மேலே ஒரு விமானம் போடு, பிள்ளை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். விமானத்தை அவள் அருகிலே கண்டதில்லை. நான் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அவள் பார்த்து எழுதினாள்.

கண்காட்சியன்று முதலில் விற்பனையானது அச்சித்திரமே; அதற்குத்தான் அதிக விலையும் கிடைத்தது. சற்று நேரத்தில் அந்த இளைஞன் கவைக்கோலை ஊன்றி வந்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்து, அதன் முன்னே நின்றான். நெடுநேரம் நின்றான். பின்னர் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "கிபிர் வந்தா ஒருத்தரும் ஏணியில நிக்கமாட்டினம், சேர்" என்றான்.

அச்சிறுமி பக்கத்திலேயே நின்றாள். அவள் தலை குனிந்தாளே தவிர, 'சேர்தான் போடச் சொன்னார்' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் என் உள்ளத்தை உறுத்துவது விமானம் வரையச் சொன்னதன்று; அவ்விளைஞன் முன்னே அவள் பொய்யுரைத்தவளாக நிற்க, நான் வாளா இருந்தேனே, அதுதான். அடுத்த வாரம் அவள் அதே மிளகுக் கொடியை மறுபடியும் வரைந்தாள். வானத்தை வெறுமையாகவே விட்டிருந்தாள். அதனை விற்கலாமா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டாள்.

இதைக் கேட்டதும் நண்பர், "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே?" எனக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. பிழை விற்பனையிலே இல்லை. விற்பனைக்கென உண்மையை வளைத்ததிலே இருந்தது. அறம் செய்யும் அவசரத்திலே ஒரு பிள்ளையின் கண்ணைப் பறித்து என் கண்ணை வைத்தேன். வாங்குவோரின் எதிர்பார்ப்புக்கு ஏற்பத் துயரத்தைத் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கினால், கண்டவன் வரைந்த ஸ்பானிய விமானத்துக்கும் காணாதவள் வரைந்த யட்டவத்த விமானத்துக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். அவ்வேறுபாட்டைத் தெரிந்தவன் எங்கள் கண்காட்சியிலே ஒருவன்தான் இருந்தான். யாருக்காக நடத்தினோமோ, அவன்.

ஆகவே, இத்தகைய கண்காட்சிகளை நடத்த விரும்பும் ஆசிரியர்க்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள் கூறுவேன். எதை வரைவது என்பது பிள்ளையின் உரிமையாக இருக்கட்டும். மிளகுக் கொடியை விற்று யுத்தத்தில் கால் இழந்தவனுக்கு உதவுவதில் எவ்வித முரண்பாடும் இல்லை. வியன்னாவின் வசந்தம் சோறாகவில்லையா? அடுத்து, சித்திரத்தின் கீழே பிள்ளையின் பெயர் இருக்கவேண்டும். நாஜிகளின் தெரேசின் தடுப்பு முகாமில் பிரீடல் டிக்கர்-பிரண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை மறைவாகப் பிள்ளைகளுக்குச் சித்திரம் பயிற்றினார். படங்களிலே தத்தம் பெயரை எழுதுமாறு அவர்களிடம் வற்புறுத்தினார். 1944 இல் அவரும் அப்பிள்ளைகளிற் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். இரு பெட்டிகளிலே மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் எஞ்சின. இன்று பிராக் நகர அரும்பொருட்சாலையில் அவற்றைக் காண்போர் அப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி நினைக்க முடிவது அந்த ஆசிரியையின் வற்புறுத்தலினால். 'யட்டவத்த மாணவர்' என்ற பொதுப்பெயரின் கீழ் நான் விற்ற படங்கள் யார் வீட்டுச் சுவரிலே, யார் வரைந்தவையென அறியப்படாமல் தொங்குகின்றனவோ!

மூன்றாவது, கணக்கு. திரண்ட பணம் எவ்வளவு, எங்கே போயிற்று என்பதைப் பிரமுகர்க்கு வாசிக்குமுன் பிள்ளைகளுக்கு வாசிக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்த தொகை சிறிது. அவ்விளைஞன் யாழ்ப்பாணத்துக்குச் சென்று, அங்கே 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்தி வருவதற்கான பயணச் செலவுக்கு ஒரு பகுதி போயிற்று. எஞ்சியதற்கு வர்ணப் பெட்டிகளும் காகிதமும் வாங்கி வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பினோம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருவன் எழுந்து, "பஸ் காசு எவ்வளவு சேர்?" என்று கேட்டான். சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணி, தன் படத்தின் விலை வவுனியா வரைக்கும் போதும் என்று கண்டுபிடித்து மகிழ்ந்தான். தர்மத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களிலே அதற்கு நிகரானது இல்லை.

நான்காவது, உதவி பெறும் பிள்ளைக்கும் தூரிகை கொடுக்கவேண்டும். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா இதனை யுத்தத்தின் நடுவிலேயே செய்து காட்டியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒருங்கு கூடி வர்ணம் தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர். நாங்கள் வன்னிக்கு அனுப்பிய வர்ணங்களும் சித்திரங்களாகத் திரும்பி வந்தன. கட்டைப் பிரித்துப் பார்த்த எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருசேர வந்தன. மலையே காணாத அப்பிள்ளைகள் இரண்டு முக்கோண மலைகளையும் அவற்றினிடையே உதிக்கும் சூரியனையும் வரைந்திருந்தனர். மலையடிவாரத்திலே பிறந்த எங்கள் பிள்ளைகளும் அதே முக்கோணங்களைத்தான் வரைகிறார்கள்! கரும்பலகையிலே ஆசிரியன் போட்டதைப் பார்த்தெழுதும் பாடமாகச் சித்திரம் இருக்கும் வரையில், பிள்ளைகளின் சித்திரம் என்று நாம் விற்பது ஆசிரியனின் முக்கோணங்களையே. என் விமானமும் அவ்வினத்தைச் சேர்ந்ததுதான்.

இறுதியாக, ஒரு தாயின் கேள்வி. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுக் கண்காட்சிக்கு வந்த அவள் கேட்டாள்: "நம்ம புள்ளைக்கே ஒரு கலர்ப்பெட்டி வாங்க வழியில்ல. இதுல நாம எங்க சேர் குடுக்கிறது?" இதனைத் தன்னலமென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அத்துன்பம் முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த சமூகத்தின் கேள்வி அது. அவளுக்கு நான் அன்று விடை கூறவில்லை. விடையை அவளே கண்டாள். தன் மகனின் படத்தை அயலூர் ஆசிரியை ஒருவர் விலை கொடுத்து வாங்கியபோது, மகன் நிமிர்ந்து நின்றதை அவள் பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளை எந்நாளும் வாங்குகிறவனாகவே படம் பிடிக்கப்பட்டவன். இலவசக் கொப்பியை நீட்டும் கையின் முன்னே வரிசையில் நின்றவன். அன்று அவன் கொடுத்தான். ஏழையின் பிள்ளைக்குக் கல்வியும் உணவும் உரிமையாவதுபோல, கொடுப்பதும் ஓர் உரிமையே. அதனைக் காட்டி அவனுடைய குறைகளை மறைக்காதிருக்கும் பொறுப்பு நம்முடையது.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட இளைஞர் என்னும் சொற்றொடருக்கு ஒரே இனத்தின் முகமும் இல்லை. 1971 இலும் 1987 முதல் 1989 வரையும் இதே மாத்தளை மாவட்டத்துச் சிங்களக் கிராமங்கள் தம் இளம் பிள்ளைகளை இழந்தன. யட்டவத்தயில் இனி ஒரு கண்காட்சி நடக்குமாயின், அயலிலுள்ள சிங்களப் பாடசாலையின் சித்திரங்களும் முஸ்லிம் பாடசாலையின் சித்திரங்களும் எங்கள் பிள்ளைகளின் சித்திரங்களோடு ஒரே கயிற்றிலே தொங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நண்பரின் கேள்விக்கு இப்போது விடை கூறுவேன். விற்கலாம், தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்குவோர் வருமுன், யாருக்காக விற்கிறோமோ அவர்களில் ஒருவரை அழைத்து வந்து படங்களின் முன்னே நிறுத்துங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை விலைச்சீட்டை ஒட்டாதீர்கள்.